நாலு ஸ்பூன் எண்ணெய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டயட்டீஷியன்களுக்கு வாழ்த்தாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். வாழ்த்து எனக்கு எழுத வராது. இந்த வேலையில் நான் சரியாகச் செய்ததெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த எண்ணெயில் எந்தக் கொழுப்பு, யாருக்கு எவ்வளவு என்பதை என்னைவிட நீங்கள் இப்போது நன்றாகவே ஒப்பிப்பீர்கள். ஆகவே நான் தவறாகச் செய்த ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

சித்தூரில் என் அப்பா, எங்கள் வீட்டில் அத்தா என்போம், எண்ணெய்க் கடை வைத்திருந்தார். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் டின் டினாக நிற்கும். எங்கள் வீட்டுக் கறிக்குழம்பில் மேலே ஒரு விரல் எண்ணெய் மிதக்கவில்லை என்றால் அன்று சமையல் சரியில்லை என்று அர்த்தம். ஐம்பது வயதுகூட ஆகாத அத்தா ஒரு மதியம் கடைக்குள்ளேயே, அந்த டின்களுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு எண்ணெய் மேல் ஒரு கோபம். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தக் கோபம்தான் காரணம். சொந்தக் கோபத்தோடு இந்த வேலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம்.

முதல் வேலை சித்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வருவார். கொழுப்பு ஏறிக் கிடக்கும். எண்ணெயை அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மென்மையாகச் சொல்லி அனுப்புவேன். அவரும் பணிவாகத் தலையாட்டுவார். ஒருமுறை குடைந்து குடைந்து கேட்டபோது உண்மை வந்தது. "ஊட்டுல எண்ணெய் ரொம்பக் கம்மி பண்ணிட்டனுங்க. கடையில நாலு வடை திங்கறதுங்க, அது ஊட்டுக் கணக்குல வருமுங்களா?" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். அடுத்த வருடம் அவர் இல்லை. மென்மையாகச் சொன்னால் இவர்கள் கேட்கமாட்டார்கள், பயமுறுத்தத்தான் வேண்டும் என்று முடிவு கட்டினேன். அது எனக்குப் பெரிய ஞானம் கிடைத்ததுபோல இருந்தது. அந்த ஞானத்தோடுதான் பல வருடம் கழித்து இடுக்கி மலைக்கு, ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே தொழிலாளர்கள் லயத்தில் இருப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஏழெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு அடுப்பு. பலரும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் மலையேறியவர்கள். என்னை டயட் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நான் ஒரு கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் ஊற்றி மேசையில் வைத்திருப்பேன். நெஞ்சு நோய்க்காரர் வந்தால் அதைத் தூக்கிக் காட்டி, இதில் ஒவ்வொரு சொட்டும் விஷம் என்பேன். நோயாளிக்கும் தினமும் சில ஸ்பூன் நல்ல எண்ணெய் தேவை என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். சில ஸ்பூன் என்றால் கரண்டியாகும் என்று பயந்து, எதுவுமே கூடாது என்றேன். பத்து கேட்டால்தான் ஐந்து கிடைக்கும் என்கிற கடைக்காரர் மகளின் பேரம் அது.

சேவியர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர். நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்து, கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பினார். மனைவி ஆரோக்கியமேரி கொழுந்து எடுப்பவள். மூத்த பையன் மறையூரில் பள்ளி விடுதியில் இருந்தான். வீட்டில் ஒரு வயது தாண்டிய ஜெனி என்ற பெண் குழந்தை. சேவியரை உட்காரவைத்து பாட்டிலைக் காட்டி வழக்கமான விஷப் பேச்சைப் பேசினேன். சேவியர் பாட்டிலைப் பார்த்தார். ஆரோக்கியமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து கணவனின் மாத்திரைக்காக அவள் தனியாக வந்தாள். அன்று கூட்டம். வெளியே மூணாறுக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிற ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் இரண்டு பேருக்குச் சீட்டு எழுதிக்கொண்டே அவளிடம் பேசினேன்.

"வீட்டுல எண்ணெய் பாட்டிலக் கழுவிக் கவுத்திட்டேன் டீச்சர். மாதா கோயில்ல நேர்ச்சையும் வச்சிட்டேன். அவுக ஒரு வருசம் நல்லபடியா இருந்தாகன்னா குடும்பத்தோட வேளாங்கண்ணிக்கு நடந்து வாரோம்னு. அதுவரைக்கும் எங்க அடுப்புல எண்ணெய், நெய், தேங்கா ஒண்ணும் ஏறாது" என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடத்தில் என் பேச்சை இப்படி யாரும் எடுத்துக்கொண்டதில்லை. சபாஷ் என்றேன். அவள் கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"சின்னதுக்கும் அப்படியே குடுக்கலாமா டீச்சர்?"

நான் தலையைத் தூக்கவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. "பழகட்டும், நல்லதுதான். சின்னதுலயே பழகிட்டா அப்பா மாதிரி கஷ்டப்பட மாட்டா" என்றேன்.

அவ்வளவுதான். மூன்று விநாடி ஆகியிருக்குமா? ஒரு வயதுக் குழந்தையின் வயிறு எவ்வளவு சின்னது, எண்ணெயோ நெய்யோ இல்லாத சோறும் கஞ்சியும் அந்த வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அப்போது என் முன்னால் குழந்தை இல்லை. என் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

சில மாதத்தில் சேவியரின் ரத்தப் பரிசோதனை வந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அதற்கு மாத்திரைக்கும் பாதிப் பங்கு உண்டு, ஆனால் நான் முழுவதையும் என் பக்கமே எழுதிக்கொண்டேன். தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கும் மஸ்டர் ஷெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கிய வகுப்பு நடத்தினேன். ஆரோக்கியமேரியை முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னேன். பூண்டு ரசம், ஆவியில் வெந்த காய், மறையூர் வெல்லம் கரைத்த கஞ்சி, ஆடை வழித்த பால் என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே போனாள். பெண்கள் கவனமாகக் கேட்டார்கள். இடுப்பில் ஜெனி இருந்தாள். அத்தனை கூட்டத்தில், மைக் சத்தத்தில் அந்தக் குழந்தை அழவில்லை, சிணுங்கவில்லை, மைக்கைப் பிடிக்கக் கை நீட்டவும் இல்லை. தலையைத் தாயின் தோளில் சாய்த்தபடியே இருந்தது. எவ்வளவு சமத்துப் பிள்ளை பாருங்கள் என்று மைக்கில் சொன்னவள் நான்தான். ஒரு வயதுக் குழந்தை சும்மா இருந்தால் அதற்குச் சக்தி இல்லை என்று அர்த்தம். அன்று அங்கே இருந்தவர்களில் அதைத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் சமத்து என்று சொல்லிக் கைதட்ட வைத்தாள்.

எஸ்டேட் கிரெச்சில் பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். எட்டாம் வகுப்புப் படிப்பு. மாதாமாதம் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். வகுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு வந்தாள். ஜெனியின் எடை மூன்று மாதமாக ஏறவில்லை, முடி செம்பட்டையாகி உதிர்கிறது, தாய்க்கும் பால் வற்றிக்கொண்டு வருகிறது என்றாள். கிரெச்சில் கொடுக்கிற நெய் விட்ட சோற்றையும் ஆரோக்கியமேரி வேண்டாம் என்றுவிட்டாளாம். அவள் வேண்டாம் என்றதைக் கேட்டு நான் அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். பல் முளைக்கிற வயது, எடை அப்படித்தான் நிற்கும் என்றேன். பாக்கியம் போகாமல் நின்றாள். எத்தனை பிள்ளைக்குப் பல் முளைச்சு நான் பார்த்திருப்பேன் என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. நான் படித்ததை எட்டாம் வகுப்பு எனக்குச் சொல்லித் தருவதா என்று மனதில் ஓடியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை ஒரு காலத்தில் என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்தது. மலை மழை உங்களில் சிலருக்குத் தெரியும், துணி வாரக்கணக்கில் காயாது. ஜெனிக்குச் சளி பிடித்தது, பிறகு காய்ச்சல். ஆரோக்கியமேரி அவளைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது குழந்தையின் விலா உள்ளே இழுத்து இழுத்து அடித்தது. டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். கையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. எடை போட்டுப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தாய் சொல்லிவிட்டாள். ஒவ்வொன்றாக, ஒன்றும் விடாமல், மஸ்டர் ஷெட்டில் சொன்ன அதே வரிசையில் சொன்னாள். டாக்டர் மறுபடியும் என்னைப் பார்க்கவில்லை. மூணாறுக்கு அனுப்ப ஜீப்பைக் கூப்பிட்டார்கள். வண்டி வருவதற்குள் குழந்தை போய்விட்டது.

அன்று மாலை டாக்டரின் அறைக்குப் போனேன். நிமோனியாதான் காரணம், அதுதான் உண்மை, அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லாதீர்கள், தாங்கமாட்டாள் என்றார். நன்றாக வளர்ந்த குழந்தையும் இந்த மழையில் போகிறதுண்டு என்றும் சொன்னார். அவர் இரக்கத்தில் சொன்னார். எனக்கோ அது வசதியாகவும் இருந்தது. எது இரக்கம், எது வசதி என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அடக்கத்தன்று கல்லறையிலிருந்து திரும்பும்போது ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுலயும் குறை வைக்கல டீச்சர். நீங்க சொன்னபடிதான் குடுத்தேன்" என்றாள். உன் மேல் தப்பே இல்லை என்றேன். அது உண்மைதான். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேனே, அதனால் அது பொய்யும் ஆனது.

இரண்டு மாதம் போயிருக்கும். பாக்கியம் மறுபடியும் அதே நோட்டோடு வந்தாள். இந்த முறை நேராக மேசையில் விரித்து வைத்தாள். ஆரோக்கியமேரி இருந்த லயத்தில் மூன்று குழந்தைகளுக்கு எடை ஏறாமல் நின்றிருந்தது. மூன்று வீட்டிலும் எண்ணெய் இல்லை. நேர்ச்சையும் இல்லை, நோயாளியும் இல்லை. மஸ்டர் ஷெட்டில் கேட்டதும், பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி சொன்னதும்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் அவள் அதை விடவில்லை. விட்டால் புருஷனும் போய்விடுவார் என்று பயந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம், என் பெயரைச் சொல்லி, இன்னும் அழுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று தாய்மாரையும் தனித்தனியாக ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, உங்கள் குழந்தைக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் சேருங்கள் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆரோக்கியமேரிக்குத் தெரியவே வேண்டாம். ஆனால் லயத்துச் சுவர் பலகைச் சுவர், ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டில் மணக்கும். ஏன் என்று அவள் வந்து கேட்பாள். அந்தப் பெண்கள் என்னை நம்புவார்களா, பிள்ளையைப் புதைத்தும் விரதம் விடாத அவளை நம்புவார்களா? பாக்கியத்தை அனுப்பலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"ஏத்தி விட்டது நீங்க டீச்சர். நீங்கதான் எறக்கணும்" என்றாள்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதி முடித்தால் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அறிவுரையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயட் சார்ட்டை ஒரு ஆளுக்கு எழுதுகிறோம், ஆனால் சோறு ஒரே பானையில்தான் வேகிறது. அந்தப் பானையிலிருந்து யார் யார் சாப்பிடுகிறார்கள், அதில் பிள்ளை உண்டா, பால் கொடுக்கிறவள் உண்டா என்று முதலில் கேளுங்கள். விஷம் என்ற சொல்லை எந்த உணவுக்கும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு அலட்சியம் செய்கிறவர்களுக்கு ஆபத்து வராது, நம்புகிறவர்களுக்குத்தான் வரும். நோயாளி சொன்னதைச் சொன்னபடி செய்தால் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் பயப்படுங்கள். கதவுவரை போய்த் திரும்பி நின்று ஒருத்தி ஏதாவது கேட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். தவறு செய்துவிட்டால், சொல்ல வேண்டியவரிடம் உடனே சொல்லுங்கள். நான் அந்த இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மூன்று குழந்தைகள் எடையில் விலை கொடுத்துக்கொண்டிருந்தன.

பாக்கியம் வந்துபோன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு லயத்துக்குப் போனேன். மூன்று தாய்மாரிடம் போவதற்கு முன் ஆரோக்கியமேரியிடம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த சரியான முடிவுகளில் அது ஒன்று. சேவியர் வாசலில் உட்கார்ந்திருந்தார், முகம் தெளிந்து நன்றாக இருந்தார். உள்ளே அலமாரித் தட்டில் எண்ணெய் பாட்டில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. ஆரோக்கியமேரி எனக்குப் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். நான் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். வழியெல்லாம் தயாரித்து வந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. நீ கேட்ட அன்று நான் தலையைத் தூக்கிப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டேன், அந்தப் பதில் தப்பு, குழந்தைக்கு எண்ணெய் வேண்டும், அது இல்லாததால்தான் அவள் உடம்பில் காய்ச்சலைத் தாங்குகிற தெம்பு இல்லாமல் போனது என்று சொன்னேன். சேவியர் எழுந்து உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் அழுவாள், என்னை அடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அதில் எது நடந்திருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாதா கோயில் சாமியார்கிட்ட கேட்டிருந்தா பச்சப்புள்ளைக்கு நேர்ச்சை கெடையாதுன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றாள். "நான் உங்ககிட்டதான கேட்டேன்."

நான் தலையாட்டினேன். பிறகு அவள் கேட்டாள்.

"எவ்வளவு டீச்சர்? ஒரு நாளைக்கு எவ்வளவு ஊத்தியிருந்தா போதும்?"

வகுப்புகளில் காட்டுவதற்காக என் பையில் எப்போதும் ஒரு டீஸ்பூன் கிடக்கும். எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதுல நாலு" என்றேன்.

அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அதன் குழியைத் தடவினாள். நாலா என்று என்னைக் கேட்கவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ஸ்பூனைக் கையில் மூடிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

முதல் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அவளே பேசினாள். பிள்ளைக்கு இந்த ஸ்பூனில் நாலு, காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு, ராத்திரி ஒன்று என்று பிரித்துச் சொன்னாள். எனக்குப் பேச இடமே வைக்கவில்லை. மூன்றாவது வீட்டுப் பெண் தயங்கினாள். "விஷம்னு சொன்னாகளேக்கா" என்று என்னைப் பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டாக" என்றாள் ஆரோக்கியமேரி. "நானும் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். எண்ணெய் வாங்கி வச்சிருக்கியா?"

அந்தப் பெண் இல்லை என்றாள். ஆரோக்கியமேரி அடுத்த லயத்துக்குப் போய், ஒரு வீட்டிலிருந்து சின்னக் கிண்ணத்தில் கடலை எண்ணெய் வாங்கி வந்தாள். தயங்கிய அந்தப் பெண்ணின் குழந்தை தரையில் தட்டை வைத்துக்கொண்டு வெறும் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பூன் அளந்து ஊற்றினாள். இன்னொன்று ஊற்றினாள். சோற்றை மசித்துப் பிசைந்து வாயில் ஊட்டினாள். குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தது, பிறகு வாயைத் திறந்தது. தட்டு காலியாகும்வரை அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.